கூத்தாடின்னு சொன்னா கோபம் வரணுமா?

ரொம்ப நாளா பாதியில கிடந்த பதிவு இது மக்களே. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சதால இந்த வாரம் தூசு தட்டி எடுத்தேன். கொஞ்சம் நீளம். காபியோ டீயோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

எனக்கு ஊர் மேல்சித்தாமூர் பக்கம். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர். "செஞ்சியா? கோட்டை ஊராச்சே!" என்பார்கள் ஆபீஸில். விஷயம் தெரிந்தவர்கள் மேல்சித்தாமூர் என்றதும் ஜினகாஞ்சி மடத்தைச் சொல்வார்கள். தமிழ்ச் சமணர்களுக்குத் தலைமை மடம் அது. பார்சுவநாதர் கோயிலும், பாறையில செதுக்கின மல்லிநாதர் கோயிலும் அங்கதான் இருக்கு.

ஆனா எங்க பக்கத்துக்கு மூணாவதா ஒரு பெருமை இருக்கு. அதை யாரும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. தெருக்கூத்து. சொல்லாம விட்டதுக்குக் காரணம் எங்க வீட்லயே இருந்தது. என் தாத்தாவோட தம்பி, நாங்க சின்ன தாத்தான்னு கூப்பிடுறவர், ஒரு கூத்தாடி.

'கூத்தாடி'ங்கிற வார்த்தையை நம்ம ஆளுங்க எப்படிப் பயன்படுத்துறோம்னு பாருங்க. ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம். அரசியலுக்கு வர்ற நடிகரைத் திட்டணும்னா கூத்தாடி. பையன் முடி வளர்த்தா கூத்தாடி. இந்த வார்த்தை எப்படி வசவாச்சு, வசவா இருந்தது எப்படிக் 'கலைஞர்' ஆச்சு, அந்த மாற்றத்துல யார் மேல ஏறினாங்க, யார் அங்கேயே நின்னுட்டாங்க என்பதுதான் இந்தப் பதிவு.

செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை

முதல்ல ஊர்க்கதை. திரௌபதியம்மன் வழிபாட்டுக்கு எங்க செஞ்சிப் பக்கம்தான் தாய்வீடு மாதிரி. செஞ்சிக்குப் பக்கத்துல மேலச்சேரின்னு ஒரு ஊர், அதைப் பழைய செஞ்சின்னும் சொல்வாங்க. அங்க இருக்கிற திரௌபதி கோயிலைத்தான் பல ஊர்க்காரங்க மூலக்கோயிலா நினைக்கிறாங்க. கதை என்னன்னா, பாண்டவ வம்சத்துல வந்த சுநீதன்கிற ராஜா செஞ்சியை ஆண்டாராம். நூறு தலை அசுரன் ஒருத்தன் தொல்லை கொடுக்க, ராஜாவைக் காப்பாத்த திரௌபதி ரெண்டாவது தடவையா நெருப்புல பிறந்து செஞ்சிக்கு வந்தாளாம். அவளுக்குக் காவல் போத்துராஜாவும் முத்தால் ராவுத்தரும். ஆமாங்க, ராவுத்தர்தான். திரௌபதியம்மனுக்குக் காவல் நிக்கிறது ஒரு முஸ்லிம் வீரர்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்க ஊர் வாத்தியாருங்க இல்ல. ஆல்ஃப் ஹில்டெபைடெல்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர். இங்க வந்து ஊர் ஊரா அலைஞ்சு திரௌபதி வழிபாட்டைப் பத்தித் தடிமனா ஒரு புத்தகம் எழுதினார். முதல் தொகுதி 1988ல வந்தது. அதோட துணைத்தலைப்பே 'செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை'ன்னு வரும். பெங்களூர்ல ஒரு நூலகத்துல அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தப்ப, எங்க ஊர் பஸ் போற வழியெல்லாம் இங்கிலீஷ்ல அச்சாகியிருக்கிறதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் வெட்கமா இருந்தது. சொந்த ஊரை அடுத்தவன் எழுதிப் படிக்கிற வெட்கம்.

திருவிழா நடக்கிற முறை தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா. பகல்ல பாரதப் பிரசங்கி வில்லிபாரதம் சொல்வார். ராத்திரி அதே கதை கூத்தா நடக்கும். சில ஊர்ல பத்து ராத்திரி, சில ஊர்ல பதினெட்டு. வில் வளைப்பு, துகில், அர்ஜுனன் தபசு, அபிமன்யு வதம், கர்ண மோட்சம்னு போய்க்கிட்டே இருக்கும். கடைசி நாள் காலையில பதினெட்டாம் போர். துரியோதனனை மண்ணால பிரம்மாண்டமா செஞ்சு படுக்க வச்சிருப்பாங்க. வேஷம் கட்டின பீமனும் துரியோதனனும் அந்த மண் உடம்பைச் சுத்திச் சுத்தி ஓடிச் சண்டை போடுவாங்க. தொடையில அடி விழும். திரௌபதி கூந்தலை முடிவா. சாயங்காலம் தீமிதி.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, கூத்துக்காரர் இங்க பொழுதுபோக்குக்காக வந்த ஆள் கிடையாது. அவர் இல்லாம சடங்கு முடியாது. அதனாலதான் சில ஊர்கள்ல கூத்தாடுற உரிமை குறிப்பிட்ட குடும்பங்களுக்குப் பாத்தியதையா இருந்திருக்கு. துகில் ராத்திரியில திரௌபதி வேஷக்காரருக்குக் கற்பூரம் காட்டுவாங்க. துச்சாதனன் வேஷம் கட்டினவர் சேலையில கை வைக்கிறதுக்கு முன்னாடி அம்மன்கிட்ட மன்னிப்பு கேட்டுக்குவார். "அந்த நேரத்துல நான் நான் இல்லடா"ன்னு சின்ன தாத்தா சொல்வார். சாமி வந்துச்சான்னு கேட்டா சிரிப்பார். "சாமி வந்தா தாளம் தப்பிடுமே"ம்பார்.

அவர் திரௌபதி வேஷம். ஏறக்குறைய இருபது வருஷம். அப்புறம் குரல் தடிச்சுப் போனதும் கட்டியங்காரன்.

ராத்திரியில ராஜா, காலையில?

நான் அவர் கூத்தைப் பார்த்தது கட்டியங்காரனாத்தான். எனக்கு அப்ப ஏழெட்டு வயசு. ஆயா மடியில தூங்கி, முகவீணைச் சத்தத்துல முழிச்சு, திரும்பத் தூங்கின ஞாபகம். ரெண்டு பேர் திரை பிடிச்சு நிப்பாங்க. திரைக்குப் பின்னாடி ராஜாவோட கிரீடம் மட்டும் தெரியும். அவர் பின்னாடி நின்னே பாடுவார். எப்ப திரை விலகும்னு எங்களுக்கெல்லாம் பயம் கலந்த ஆசை. விலகினதும் புஜக்கட்டை, மார்புப் பதக்கம், கண்ணாடிச் சில்லு எல்லாம் லைட்டுல மின்ன, கிறுகிறுன்னு ஒரு சுத்து சுத்துவார் பாருங்க... அப்புறம் எத்தனை சினிமா என்ட்ரி பார்த்தாலும் அதுக்கு ஈடில்ல.

அதே ராஜா காலையில முகத்துல பாதி அரிதாரம் ஒட்டியிருக்க, டீக்கடையில கடனுக்கு டீ கேட்டு நிப்பார். அங்க அவரை ஒருமையில கூப்பிடுவாங்க. ராத்திரி கற்பூரம் காட்டின அதே ஊர்க்காரங்கதான்.

இந்த ரெட்டைத்தனம் புதுசில்ல. ஆனா பத்தொன்பதாம் நூற்றாண்டோட பிற்பகுதியில இது இன்னும் கூர்மையாச்சு. 1876ல வெள்ளைக்காரன் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் கொண்டு வந்தான். அரசுக்கு எதிரானது, ஒழுக்கக்கேடானதுன்னு எதையும் தடை பண்ணலாம். நகரத்துல மேடை நாடகம் வளர்ந்தது. 1891ல சென்னையில பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை ஆரம்பிச்சார். வக்கீலும் படிச்சவங்களும் மேடை ஏறினாங்க. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின நாடகங்கள் கம்பெனி கம்பெனியா ஊர் சுத்தின. மேடை, டிக்கெட், நாற்காலி இருந்தா 'நாடகம்'. தெரு, மண், பாய் இருந்தா 'கூத்து'. செய்யறது ஒண்ணா இருந்தாலும் மரியாதை இடத்தைப் பொறுத்ததா ஆயிடுச்சு. சினிமா வந்ததும் அந்த நாடகக்காரங்களும் ஒரு படி கீழே போனாங்க. கூத்துக்காரர் அதுக்கும் கீழே.

புரிசை: தெருவிலிருந்து பாரிஸ்

இப்பதான் கதையில திருப்பம். செய்யாறு பக்கம் புரிசைன்னு ஒரு கிராமம், இன்னிக்கு திருவண்ணாமலை மாவட்டம். அங்க தம்பிரான் குடும்பம் பரம்பரை பரம்பரையா கூத்தாடுறாங்க. நடேசத் தம்பிரான் ஆடின கூத்தைச் சென்னையில பார்த்த ஒரு சிறுகதை எழுத்தாளர் ஆடிப்போயிட்டார். அவர்தான் ந. முத்துசாமி. 'நாம தேடிக்கிட்டிருந்த நாடகம் இங்க இருக்கு, நாம ஏன் வெளியில தேடுறோம்'ங்கிற ரீதியில எழுதியும் பேசியும் வந்தார். 1977ல கூத்துப்பட்டறை தொடங்கினது. பேரிலேயே கூத்து இருக்கு பாருங்க.

கண்ணப்ப தம்பிரான் கூத்துப்பட்டறை நடிகர்களுக்கு ஆசானா வந்து அடவும் பாட்டும் சொல்லிக் கொடுத்தார். பசுபதி, கலைராணி எல்லாம் அந்தப் பட்டறையில உருவானவங்க. விஜய் சேதுபதி அங்க கணக்கு எழுதுற வேலையில இருந்தவர்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அதாவது நாம தியேட்டர்ல விசிலடிக்கிற நடிப்புல எங்கேயோ ஒரு மூலையில ஒரு கூத்து வாத்தியாரோட அடவு ஒளிஞ்சிருக்கு.

இங்க கூத்துக்காரரோட வேலையே மாறுது. அதுவரைக்கும் அவர் அம்மனுக்கும் ஊருக்கும் ஆடினார். இப்ப நடிகர்களுக்கு ஆசிரியர். அடுத்த கட்டமா, கண்ணப்ப தம்பிரான் மகன் சம்பந்தன் காலத்துல புரிசைக் குழு மார்க்கேஸோட கதை ஒண்ணைக் கூத்தா ஆடினாங்க. பெரிய சிறகுகளோட ஒரு கிழவன் வந்து விழுவானே, அந்தக் கதை. கண்ணப்ப தம்பிரான் நினைவா புரிசையிலேயே வருஷா வருஷம் விடிய விடிய நாடக விழா நடத்துறாங்க. சென்னையிலிருந்து ஜோல்னா பையோட ஒரு கூட்டம் கிராமத்துக்குப் போய் பாயில உட்காருது. முன்னாடி கூத்து பட்டணத்துக்குப் போச்சு, இப்ப பட்டணம் கூத்துக்குப் போகுது.

இன்னும் தூரம் போனது 2016ல. பிரான்சுல அரியான் முனூஷ்கின்னு ஒரு அம்மா இருக்காங்க. அவங்களோட 'தியாத்ர் து சொலெய்' உலகப் புகழ்பெற்ற நாடகக் குழு. அவங்க பாண்டிச்சேரிக்கு வந்து, சம்பந்தன் தம்பிரான்கிட்ட கூத்து கத்துக்கிட்டாங்க. 2016 நவம்பர்ல பாரிஸ்ல 'இந்தியாவில் ஓர் அறை'ன்னு நாடகம் போட்டாங்க. இந்தியாவுக்கு வந்த ஒரு பிரெஞ்சு நாடகக் குழுவை அதோட இயக்குநர் பாதியில விட்டுட்டுப் போயிடறார். பொறுப்பு தலையில விழுந்த உதவியாளர் அம்மா, என்ன நாடகம் போடறதுன்னு தெரியாம ராத்திரியெல்லாம் கனவு காணறாங்க. அந்தக் கனவுகளுக்கு நடுவுல வருது நம்ம கூத்து. வேற வேற நாட்டு நடிகர்கள் கிரீடம் வச்சு, புஜக்கட்டை கட்டி, தமிழ்ல பாடி ஆடறாங்க. 2017 டிசம்பர்ல அதே நாடகம் நியூயார்க் போச்சு.

அந்த வீடியோத் துண்டை நான் ரொம்ப லேட்டாத்தான் பார்த்தேன். ஒரு பிரெஞ்சுப் பெண் திரௌபதி. கூட்டம் எழுந்து நின்னு கைதட்டுது. எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. காரணம் கீழே வருது.

2016 டிசம்பர், எங்க வீடு

அதே வருஷம் டிசம்பர்ல சின்ன தாத்தா செத்துப் போனார். நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். பணமதிப்பு நீக்கம் நடந்து ஒரு மாசம் ஆகியிருந்த நேரம். ஏடிஎம் வாசல்ல அப்பா ராத்திரியெல்லாம் நின்னார். பறைமேளத்துக்குக் கொடுக்கக்கூட வீட்ல செல்லுற நோட்டு இல்ல.

சாவுக்கு அவரோட பழைய ஜமாக்காரங்க ஏழெட்டுப் பேர் வந்தாங்க. (எங்க பக்கம் கூத்துக் குழுவை ஜமான்னுதான் சொல்வோம்.) வேஷம் இல்ல, கிரீடம் இல்ல. ஒரு ஹார்மோனியப் பெட்டி, ஒரு மிருதங்கம், ஒரு ஜோடித் தாளம். பிணத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாடினாங்க. ஒத்தக் காசு வாங்கல. என்கூட காலேஜ் பசங்க நாலு பேர் வந்திருந்தாங்க. "யார்றா இவங்க?"ன்னு ஒருத்தன் கேட்டான். "பஜனை கோஷ்டி"ன்னு சொன்னேன்.

ஆமா. பஜனை கோஷ்டின்னுதான் சொன்னேன்.

எங்க பக்கம் கருமாதிக்குக் கர்ண மோட்சம் கூத்து வைக்கிற வழக்கம் உண்டு. செத்தவங்க ஆத்மாவுக்கு நல்லதுன்னு நம்பிக்கை. வாழ்நாள் பூரா எத்தனையோ வீட்டுக் கருமாதியில ஆடின மனுஷனுக்கு ஒரு கர்ண மோட்சம் வைக்கணும்னு ஆயா சொன்னாங்க. "காசுக்கு எங்க போறது"ன்னார் அப்பா. காசு ஒரு காரணம்தான். இன்னொரு காரணம் எனக்குத் தெரியும்.

2010ல அக்காவைப் பெண் பார்க்க வந்தாங்க. கூடத்துச் சுவர்ல சின்ன தாத்தா திரௌபதி வேஷத்துல இருக்கிற கறுப்பு வெள்ளை போட்டோ ஒண்ணு மாட்டியிருக்கும். முந்தின நாள் ராத்திரி அப்பா அதைக் கழட்டி நெல் மூட்டைக்குப் பின்னாடி வச்சார். யாரும் எதுவும் சொல்லல. மறுநாள் காலையில சின்ன தாத்தா தானாவே, "தண்ணி பாய்ச்சணும், நான் கொல்லிக்குப் போறேன்"னு மண்வெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போன பிறகு, பொழுது சாய்ஞ்சுதான் வந்தார். அது கரண்ட் இல்லாத நாள். மோட்டார் ஓடியிருக்கவே முடியாது.

2024ல 'ஜமா' படம் வந்ததே, பார்த்தீங்களா? பாரி இளவழகன் இயக்கி நடிச்சது, இளையராஜா இசை. பெண் வேஷம் கட்டுறவனுக்குப் பெண் கிடைக்காத கதை. தியேட்டர்ல எல்லாரும் சிரிச்ச ஒரு இடத்துல நான் சிரிக்கல. அதுக்கு ரொம்ப முன்னாடியே 1995ல நாசர் தன் முதல் படமா 'அவதாரம்' எடுத்தார், அதுவும் கூத்துக் கலைஞர்கள் கதைதான். ரெண்டு படத்துக்கும் நடுவுல ஏறக்குறைய முப்பது வருஷம். வேஷம் கலைச்ச பிறகு அவனுக்கு எங்கே இடம்கிற கேள்வி மட்டும் அப்படியே இருக்கு.

காஞ்சிபுரத்துக் கதை வேற

புரிசை வழி ஒண்ணுன்னா, அதுக்கு இணையா இன்னொரு வழியும் இருக்கு. பெ. ராஜகோபால். 1953ல பிறந்தவர். பெருங்கட்டூர்ல அப்பா பொன்னுசாமியோட குழுவுல சின்னப் பையனா இருக்கும்போதே மேடை ஏறினவர், படிப்பைப் பாதியில விட்டவர். நெதர்லாந்துலேர்ந்து ஆராய்ச்சிக்கு வந்த ஹன்னே டி ப்ரூயினும் இவரும் வாழ்க்கைத் துணைகள். இவங்க முன்னெடுப்புல 1990ல கூத்துக் கலைஞர்களே சேர்ந்து ஒரு சங்கம் வச்சாங்க. கலைஞர்களுக்குச் சங்கம்! மில் தொழிலாளிக்கு இருக்கிற மாதிரி.

இவங்க செஞ்ச முதல் வேலை பேரை மாத்தினது. 'தெருக்கூத்து' இல்ல, 'கட்டைக்கூத்து'ன்னாங்க. கட்டைன்னா கிரீடம், புஜக்கட்டைன்னு மரத்துல செஞ்ச அணிகலன்கள். தெருக்கூத்துங்கிறது தெருவுல ஊர்வலமாப் போய் ஆடறது, ராத்திரி முழுக்க ஒரே களத்துல நின்னு ஆடற முழு நாடகம் கட்டைக்கூத்துங்கிறது அவங்க வாதம். 'தெரு'ங்கிற சொல்லுல இருக்கிற இளப்பமும் ஒரு காரணம். புரிசைக்காரங்க உட்படப் பல பேர் தெருக்கூத்துங்கிற பேரையே வச்சிருக்காங்க. இந்தச் சண்டையில நான் தீர்ப்பு சொல்லப் போறதில்ல. ஆனா ஒரு விஷயம் கவனிங்க. தன் தொழிலுக்கு என்ன பேர்னு அந்தத் தொழில் செய்யறவனே உட்கார்ந்து விவாதிக்கிற நிலைமை வந்ததே பெரிய மாற்றம் இல்லையா?

2002ல காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல குருகுலம் ஆரம்பிச்சாங்க. பள்ளிப் படிப்பும் கூத்தும் சேர்ந்து. 2020 வரைக்கும் நடந்தது. அங்க பெண் பிள்ளைகளும் கத்துக்கிட்டாங்க. ஆம்பளைங்க மட்டுமே ஆடின களத்துல பெண்கள் திரௌபதி மட்டுமில்ல, துரியோதனனும் ஆடலாம்னு ஆச்சு. அங்க படிச்ச திலகவதி சொந்தமா ஒரு குழுவையே நடத்தற அளவுக்கு வந்தாங்க. 2017ல சங்கீதா சிவகுமார், டி.எம். கிருஷ்ணாவோட சேர்ந்து கர்நாடக இசையும் கூத்தும் ஒரே மேடையில வந்தது. சபாக்காரங்க காதுக்குக் கூத்துக்காரர் குரல் முதல் தடவையா 'சங்கீதமா' கேட்டிருக்கும்.

நான் யோசிச்சுப் பார்த்தேன். சின்ன தாத்தா திரௌபதி ஆடினதால அவமானப்பட்டார். அந்தப் பெண்கள் துரியோதனன் ஆடி மரியாதை வாங்கறாங்க. ரெண்டும் ஒரே கலைதான். நடுவுல வந்தது ஒரு பள்ளிக்கூடம்.

கடல் தாண்டி ஒரு ஒப்பீடு

இது தமிழ்நாட்டுக்கு மட்டுமான கதை இல்ல. இலங்கையில பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகள்லயே பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வச்சு நாட்டுக்கூத்தை மேடைக்குக் கொண்டு வந்தார். 1962ல 'கர்ணன் போர்', 1964ல 'இராவணேசன்'. இராவணனா ஆடினது மாணவரா இருந்த மௌனகுரு, பின்னாடி அவரே பேராசிரியர் ஆனார். விடிய விடிய ஆடறதைச் சுருக்கி, நாலு பக்கமும் சனம் உட்கார்ற வட்டக்களரியிலிருந்து ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற மேடைக்கு மாத்தினாங்க. படிச்ச வர்க்கம் கூத்தைத் தங்களோடதா ஏத்துக்கிட்டுது. அதுக்குக் கொடுத்த விலை ராத்திரி. முழு ராத்திரியும் போய் ரெண்டு மணி நேரம் ஆச்சு.

நம்ம ஊர்லயும் அதே கணக்கு. 2007ல தொடங்கி, நடுவுல நின்னு, 2023ல திரும்ப வந்த சென்னை சங்கமத்துல கூத்துக்குக் கிடைக்கிற நேரத்தை நினைச்சுப் பாருங்க. பூங்காவுல ஒரு மேடை, அடுத்து ஒயிலாட்டம், அதுக்கடுத்து பறை. திரை விருத்தம் முடியறதுக்குள்ள மணி அடிச்சுடும். இதுல இன்னொரு முரண். பீட்டர் புரூக் 1985ல பிரான்சுல அவிஞ்யோன் விழாவுல மகாபாரதத்தை ஒன்பது மணி நேரம் போட்டப்ப உலகமே மூக்குல விரல் வச்சது. எங்க ஊர் ஆயாங்க அதைப் பத்து ராத்திரி பார்த்துட்டு, காலையில எழுந்து களை பறிக்கப் போவாங்க.

அப்ப என்னதான் சொல்ல வர்றே?

நாலு கட்டமா மாறியிருக்கு கூத்துக்காரரோட இடம். முதல்ல சடங்குக்காரர். அடுத்து கேலிக்குரிய கூத்தாடி. அப்புறம் நவீன நாடகத்துக்கு ஆசான். இப்ப குழுத்தலைவர், பயிற்சியாளர், வெளிநாடு போற கலைஞர். ஆனா இது ஒரு வெர்ஷன் போய் அடுத்த வெர்ஷன் வர்ற மாதிரி இல்ல. நாலும் ஒரே சமயத்துல ஓடிக்கிட்டிருக்கு. பாரிஸ்ல கைதட்டல் நடந்த அதே குளிர்காலத்துல, மேல்சித்தாமூர் பக்கம் ஒரு பழைய திரௌபதியைப் 'பஜனை கோஷ்டி' பாடி அனுப்பி வச்சது.

புரிசையும் காஞ்சிபுரமும் ஜெயிச்சதுக்குக் காரணம் திறமை மட்டும்னு நான் நம்பல. திறமை எங்க பக்கத்து ஜமாக்கள்லயும் இருந்தது. அவங்களுக்குக் கிடைச்சது, பார்த்து எழுதினவங்க. முத்துசாமி பார்த்தார், எழுதினார். ஹன்னே பார்த்தாங்க, எழுதினாங்க. எழுதப்பட்ட கூத்தாடி கலைஞர் ஆனார். எழுதப்படாதவர் கூத்தாடியாவே இருந்து செத்தார்.

செஞ்சிக்குப் பக்கத்துல திருநாதர்குன்றுன்னு ஒரு பாறை இருக்கு. இருபத்துநாலு தீர்த்தங்கரர்களையும் ரெண்டு வரிசையா, வரிசைக்குப் பன்னிரண்டா செதுக்கியிருப்பாங்க. அங்க ஒரு கல்வெட்டு. சந்திரநந்தி என்கிற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்டதைச் சொல்லுது. ரெண்டே ரெண்டு வரி அளவு சேதி. ஆயிரம் வருஷத்துக்கும் மேல ஆச்சு, இன்னும் நாம அந்தப் பேரைச் சொல்றோம். யாரோ ஒருத்தர் உளியை எடுத்து அந்தப் பேரை வெட்டி வச்சதால.

2025 ஜூலையில செஞ்சிக் கோட்டையை மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்னு பன்னிரண்டு கோட்டைகள்ல ஒண்ணா யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கினாங்க. சந்தோஷம்தான். ஊர் வாட்ஸ்அப் குரூப்ல ஒரே பட்டாசு. கேரளாவோட கூடியாட்டத்தை 2001லேயே யுனெஸ்கோ அங்கீகரிச்சது, முடியேற்று 2010ல பட்டியல்ல ஏறிச்சு. நம்ம கூத்து அந்தப் பட்டியல்ல இல்ல. கல்லுக்குக் கிடைச்ச மரியாதை அந்தக் கல்லுக்குக் கீழே ராத்திரி முழுக்க பாடின தொண்டைக்குக் கிடைக்கல.

சரி, யுனெஸ்கோ கிடக்கட்டும். நான் என்ன செஞ்சேன்?

போன வருஷம் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன். முன்னாடி பத்து ராத்திரி நடந்த கூத்து இப்ப மூணு. துகில், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். சடங்குக்குத் தேவையானது மட்டும் தப்பிச்சிருக்கு, மிச்ச ராத்திரிக்கு இன்னிசைக் கச்சேரி. சின்ன தாத்தா சாவுக்குப் பாடின ஹார்மோனியக்காரர் இருந்தார். எழுபது தாண்டியிருக்கும். பக்கத்துல போய் உட்கார்ந்தேன். யார் வீட்டுப் பையன்னு கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "உங்க தாத்தன் துகில்ல அழுதா, நெசமாவே அழுவான்யா. பெட்டி வாசிக்கிற எனக்குக் கை நடுங்கும்"னார்.

செல்போனை எடுத்து, "பெரியப்பா, இன்னொரு வாட்டி சொல்றீங்களா, ரெக்கார்டு பண்ணிக்கிறேன்"னேன். ரெண்டு மணி நேரம் பேசினார். எந்தெந்த ஊர்ல எத்தனை ராத்திரி, யார் யார் ஜமாவுல இருந்தாங்க, தாம்பூலம் வாங்கும்போது எவ்வளவு, விடிஞ்சதும் எவ்வளவு குறைச்சுக் கொடுத்தாங்க, பெட்ரோமாக்ஸ் அணைஞ்ச ராத்திரி இருட்டுலயே எப்படிப் பாடி முடிச்சாங்க... எல்லாம். அந்த ஒலிப்பதிவுதான் இப்ப எங்கிட்ட இருக்கிற சொத்து.

வீட்டுக்கு வந்து அந்த போட்டோவைத் தேடினேன். நெல் மூட்டை இருந்த அறை இப்ப பாத்ரூம் ஆயிடுச்சு. பரண்ல கிடைச்சது. கறையான் தின்னு திரௌபதியோட முகத்துல பாதிதான் மிச்சம். அப்பா கிட்ட காட்டினேன். கையில வாங்கி ரொம்ப நேரம் வச்சிருந்தார். "ஸ்கேன் போட்டு சரி பண்ண முடியுமாடா?"ன்னு கேட்டார். முடிஞ்ச வரைக்கும் பண்ணலாம்ப்பான்னேன். பிரேம் போட்டு அதே கூடத்துல மாட்டியாச்சு. பாதி முகம்தான்.

அதனால மக்களே, தலைப்புல கேட்ட கேள்விக்கு என் பதில்: கூத்தாடின்னு சொன்னா இனிமே எனக்குக் கோபம் வராது. ஆமா, எங்க தாத்தா கூத்தாடிதான்னு சொல்லுவேன். அந்த நாலு காலேஜ் பசங்கள்ல ரெண்டு பேர் இதைப் படிப்பாங்க. டேய், அது பஜனை கோஷ்டி இல்லடா.

உங்க ஊர்லயும் ஒரு ஜமாவோ செட்டோ இருந்திருக்கும். அர்ஜுனன் ஆடினவரோ, முகவீணை வாசிச்சவரோ இன்னும் எந்தத் திண்ணையிலயாவது உட்கார்ந்திருப்பார். அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ஒரு மணி நேரம் ஒதுக்கி, அவர் பேச்சைப் பதிவு பண்ணி எழுதுங்க. நமக்கு உளி வேண்டாம், கீபோர்டு போதும்.

பி.கு.: ஹார்மோனியக்காரர் சொன்ன பெட்ரோமாக்ஸ் ராத்திரிக் கதையைத் தனிப்பதிவா போடறேன். அதுல ஒரு பேய்க்கதையும் இருக்கு :-)